விருந்துக்கும் அதே வீடு... இழவுக்கும் அதே வீடு! - அயர்லாந்து பப்களில் ஒரு சுற்று

அயர்லாந்தின் தெற்கே, டிப்பரரி மாவட்டத்தில் ஃபெதர்ட் என்று ஒரு சின்ன ஊர். பழைய கோட்டை மதில் இன்னமும் நிற்கிற ஊர். அதன் கடைத்தெருவில் 'மெக்கார்த்தீஸ்' என்றொரு பப். 1850-களில் தொடங்கியது. குடிப்பவர்கள் குடிக்கலாம், பசிப்பவர்கள் சாப்பிடலாம். இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஊரில் யாராவது காலமானால் இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகளும் இதே பெயர்ப் பலகையின் கீழ்தான்!

'பப்' என்றதும் நம் மனதில் வருவது அரையிருட்டு, காதைப் பிளக்கும் பாட்டு, கண்ணைக் கூசவைக்கும் விளக்கு. அயர்லாந்தின் பாரம்பர்ய பப் அப்படியல்ல. 'பப்ளிக் ஹவுஸ்' என்ற இரண்டு சொற்களின் சுருக்கம்தான் பப். நேராகச் சொன்னால், பொது வீடு. கால்வே நகரில் 1894-லிருந்து இருக்கும் ஒரு பப்பின் பெயர் 'டீ நாக்டன்'. இந்த 'டீ' நாம் குடிக்கிற டீ இல்லை. ஐரிஷ் மொழியில் 'வீடு' என்று பொருள். நாக்டன் குடும்பத்தின் வீடு. பெரும்பாலான பழைய பப்களின் வாசலில் இப்படி ஒரு குடும்பப் பெயர்தான் இருக்கும்.

வீடு என்றால் அங்கே நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும். 1846-ம் ஆண்டின் சட்டம் ஒன்று, மரண விசாரணைக்காகக் காத்திருக்கும் உடலைப் பக்கத்து பப்பில் கிடத்த வழிசெய்தது. காரணம் எளிது. பீப்பாய்கள் கெடாமலிருக்க பப்புக்குக் கீழே குளிர்ச்சியான நிலவறை இருக்கும். ஊரில் அவ்வளவு குளிர்ந்த இடம் வேறு கிடையாது. விசாரணைக்கு வருபவர்கள் உட்காரவும் அங்கேதான் இடம். 1962-ல்தான் இந்த ஏற்பாடு சட்டத்திலிருந்து நீங்கியது. பப் நடத்தியவர்களில் பலர் இறுதிச் சடங்குத் தொழிலையும் சேர்த்துச் செய்தது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

டப்ளினில் இறங்கி, மேற்குக் கடற்கரை வரை போகும் ஒரு பயணிக்கு இந்த வீடுகள் வழிநெடுகக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. மது குடிக்காதவராக இருந்தாலும் உள்ளே போகலாம். எப்படிப் போவது, எங்கே உட்காருவது, என்ன பேசுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

கல்லறைக்குப் பக்கத்து வீடு

டப்ளின் போகிற சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலானோர் நேராகப் போவது 'டெம்பிள் பார்' பகுதிக்கு. சிவப்பு முகப்பு, தொங்கும் பூக்கூடைகள், செல்ஃபி எடுக்கும் கூட்டம். விலையும் மற்ற பகுதிகளைவிட அதிகம். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. அவர்களைப் பார்க்க வேண்டுமானால், நகரின் வடக்கே கிளாஸ்னெவின் வரை ஒரு பஸ் பிடிக்க வேண்டும்.

அங்கே ஒரு பெரிய கல்லறைத் தோட்டம். எந்த மதத்தவரையும், மதமில்லாதவரையும் கண்ணியமாக அடக்கம் செய்ய ஓர் இடம் வேண்டும் என்று தலைவர் டேனியல் ஓ'கானல் போராடி, 1832-ல் திறக்கப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே உறங்குகிறார்கள். அதன் மதிலை ஒட்டி அடுத்த வருடமே, 1833-ல் வந்தது 'ஜான் காவனா' பப். ஊர் வைத்த பெயர் 'கிரேவ்டிக்கர்ஸ்', அதாவது குழிவெட்டிகள். வேலை முடிந்த குழிவெட்டிகள் மதிலைத் தட்டினால் பானம் அந்தப் பக்கம் போகும் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது.

இங்கே டி.வி கிடையாது. பாட்டு கிடையாது. தேய்ந்த மரத்தரை, பழைய மரத்தடுப்புகள், மனிதர்களின் பேச்சு. அவ்வளவுதான். அடக்கம் முடிந்து கறுப்பு உடையில் வரும் குடும்பமும், வாரக் கடைசியைக் கொண்டாட வந்த இளைஞர்களும் அடுத்தடுத்த மேஜைகளில் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் விநோதமாகப் பார்ப்பதில்லை.

பேச்சுதான் பப்பின் முதல் சரக்கு. அதற்கு ஐரிஷ்காரர்கள் வைத்திருக்கும் சொல் 'க்ராக்'. அரட்டை, சிரிப்பு, பாட்டு, நல்ல பொழுது எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். ஒரு பப் எப்படி இருந்தது என்று கேட்டால், பானத்தைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். 'க்ராக் நன்றாக இருந்தது' என்பார்கள்.

உள்ளே போவது எப்படி?

பாரம்பர்ய பப்பில் மேஜைக்கு வந்து யாரும் ஆர்டர் கேட்பதில்லை. கவுன்டருக்கு நாமே போக வேண்டும். அங்கே வரிசை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், யார் முதலில் வந்தார், யார் பிறகு வந்தார் என்பது கவுன்டருக்குப் பின்னால் இருப்பவருக்குத் துல்லியமாகத் தெரியும். கையை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, பணத்தை நீட்டிக் கூப்பிடுவது எல்லாம் மரியாதைக் குறைவு. கண்ணைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தால் போதும். கவுன்டரில் டிப்ஸ் கொடுக்கும் கட்டாயமும் கிடையாது.

யாராவது கறுப்பு நிற 'கின்னஸ்' கேட்டால், அதை ஊற்றும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால் பங்கு நிரப்புவார்கள். பிறகு அப்படியே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உள்ளே நுரைக்குமிழ்கள் கிளாஸின் ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்குவதுபோலத் தெரியும். குமிழ் மேலேதானே போகும்? நடுவில் மேலேறும் குமிழ்கள் திரவத்தையும் சேர்த்து இழுக்க, அந்தத் திரவம் ஓரமாகக் கீழிறங்கும்போது சில குமிழ்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கலங்கல் தெளிந்த பிறகுதான் மீதியை நிரப்புவார்கள். மொத்தம் 119.5 விநாடிகள் என்று அந்த நிறுவனமே விளம்பரம் செய்கிறது. இரண்டு நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவரை வெளியூர்க்காரர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்!

பொறுமை அந்த நிறுவனத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது போலும். ஆர்தர் கின்னஸ் 1759-ல் டப்ளினில் ஆலை தொடங்க இடம் பிடித்தபோது போட்ட குத்தகை ஒப்பந்தம், ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்கு!

மது வேண்டாம் என்பவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. 'ஒரு டீ' என்று கேட்டால் ஒரு பானை நிறைய டீயும் பாலும் வரும். அயர்லாந்து டீ குடிப்பதில் நமக்குச் சளைத்த நாடல்ல. மதியத்தில் சூடான காய்கறி சூப், கூடவே சோடா மாவில் செய்த பழுப்பு ரொட்டி, வெண்ணெய். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இதைவிடப் பத்திரமான சாப்பாடு கிடையாது. இருந்தாலும் சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகளுக்கு 'டேட்டோ' சிப்ஸ். 1954-ல் தொடங்கிய இந்த டப்ளின் நிறுவனம்தான், இன்று உலகமெங்கும் விற்கும் 'சீஸ் அண்ட் ஆனியன்' சுவையை சிப்ஸில் கொண்டுவந்தது.

குழந்தைகளா, பப்பிலா என்று புருவம் உயர்த்த வேண்டாம். 15 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோருடன் வரலாம். ஆனால், இரவு 9 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். வெளிச்சம் நெடுநேரம் நீடிக்கிற மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. 18 வயது நிரம்பாதவர்களுக்கு மது கிடையாது.

இன்னொரு எழுதாத சட்டம், 'ரவுண்ட்'. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், ஆளுக்கு ஒருமுறை எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும். ஒருவர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு, தன் முறை வருமுன் நழுவுகிறவருக்கு அந்த ஊரில் நல்ல பெயர் இருக்காது. ஜூஸ் மட்டும் குடிப்பவரும் ரவுண்டில் சேரலாம். சேர விருப்பமில்லையா? ஆரம்பத்திலேயே சிரித்தபடி 'எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பெண்களுக்கு ஒரு ஜன்னல்

பழைய பப்களில் கவுன்டரை ஒட்டி, கதவு போட்ட ஒரு குட்டி அறை இருக்கும். பெயர் 'ஸ்நக்'. வெளியிலிருந்து ஆள் தெரியாதபடி புகைபிடித்தாற்போன்ற கண்ணாடி. பானம் வர ஒரு சின்ன ஜன்னல். இன்று அதில் இடம் கிடைத்தால் பயணிகளுக்கு ஒரே குஷி. ஆனால், அதன் வரலாறு அவ்வளவு குஷியானதல்ல.

பாதிரியார், போலீஸ்காரர் போன்று வெளிப்படையாகக் குடிக்கத் தயங்கியவர்களுக்கும், பெண்களுக்கும்தான் அந்த அறை. 20-ம் நூற்றாண்டின் பாதி வரை பெண்கள் கவுன்டர் பக்கம் வருவதையே பலர் விரும்பவில்லை. சில பப்களில் பெண்களை அனுமதித்தாலும், முழு 'பைன்ட்' தரமாட்டார்கள். பைன்ட் என்பது 568 மில்லி கொள்ளும் பெரிய கிளாஸ். அது ஆண்களுக்கானதாம்! பெண்களுக்கு அரை கிளாஸ்தான்.

1970-களில் பத்திரிகையாளர் நெல் மெக்கஃபெர்டியும் தோழிகளும் டப்ளினில் ஒரு பப்புக்குக் கூட்டமாகப் போனார்கள். முப்பது பிராந்தி ஆர்டர் செய்தார்கள். வந்தது. கடைசியாக ஒரே ஒரு பைன்ட் கேட்டார்கள். 'பெண்களுக்கு பைன்ட் தருவதில்லை' என்றது கவுன்டர். 'அப்படியா? கேட்டதை நீங்கள் தரவில்லை, அதனால் நாங்களும் பணம் தருவதில்லை' என்று முப்பது பிராந்தியையும் காலி செய்துவிட்டு வெளியேறினார்கள். பாலினம் பார்த்து சேவையை மறுப்பது அயர்லாந்தில் சட்டவிரோதமானது அதற்கும் வெகுகாலம் கழித்து, 2000-ல். இன்று தனியாகப் பயணிக்கும் பெண்கள் பப் கவுன்டரில் உட்கார்ந்து சூப் சாப்பிடுவது சாதாரணக் காட்சி. அந்தச் சாதாரணத்துக்குப் பின்னால் இப்படி ஒரு சண்டை இருக்கிறது.

ஆற்றங்கரையில் ஆயிரம் வருடம்

டப்ளினின் ஹூஸ்டன் ஸ்டேஷனில் கால்வே ரயிலைப் பிடித்தால், நாட்டின் நடுவே, ஷானன் ஆற்றங்கரையில் அத்லோன் வரும். பாலம் வருவதற்கு முன், ஆழம் குறைந்த இந்த இடத்தில்தான் ஜனங்கள் ஆற்றைக் கடந்தார்கள். 'லூனின் துறை' என்பதுதான் ஊர்ப் பெயரின் பொருள். லூன் என்பவர் ஆற்றைக் கடக்க வந்தவர்களுக்கு ஒரு சத்திரம் வைத்திருந்தார் என்கிறது ஊர் வழக்கு. அந்த இடத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வது 'ஷான்ஸ் பார்'. தன் வயதை கி.பி 900-லிருந்து கணக்கிடுகிறது. அயர்லாந்தின் மிகப் பழைய பப் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தின் அங்கீகாரமும் வாங்கியிருக்கிறது.

1970-ல் பழுதுபார்த்தபோது, சுவருக்குள்ளே மிலாறும் மண்ணும் சேர்த்துக் கட்டிய பழைய சுவர் ஒன்று வெளிப்பட்டது. அதன் ஒரு பகுதியைக் கண்ணாடி போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். ஷானனில் வெள்ளம் வந்தால் முன்வாசலில் புகும் தண்ணீர் பின்வாசல் வழியாக ஆற்றுக்கே திரும்பிப் போகட்டும் என்று அப்படி அமைத்தார்களாம். தரையில் மரத்தூள் தூவியிருப்பார்கள். வருடம் சரிதானா என்று வரலாற்று அறிஞர்கள் வாதாடலாம். வழிப்போக்கனுக்கு ஒரு நெருப்பும் ஒரு பெஞ்சும் கொடுப்பதுதான் பப்பின் ஆதித் தொழில் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மேடை இல்லாத கச்சேரி

அத்லோனிலிருந்து இன்னும் மேற்கே போனால் கிளேர் மாவட்டம். அட்லான்டிக் கடலுக்கு நேர்மேலே நிற்கும் மோகர் செங்குத்துப் பாறைகளுக்குப் பக்கத்தில் டூலின் கிராமம். ஊரே ஒரு சில தெருக்கள்தான். ஆனால், ஐரிஷ் இசை தெரிந்தவர்களுக்கு இது யாத்திரைத் தலம். 1832-ல் தொடங்கிய 'கஸ் ஓ'கானர்ஸ்' பப்பும், மெக்கான்ஸ், மெக்டெர்மாட்ஸ் பப்களும் இங்கேதான். மைகோ, பேக்கி, கஸ்ஸி என்ற ரஸ்ஸல் சகோதரர்கள் மூவரும் வாசித்த ஊர் இது. மைகோவின் கையில் இருந்தது 'டின் விசில்' என்ற சின்னத் தகரக் குழல். அதைக் கேட்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து இளைஞர்கள் வந்தார்கள்.

இந்தக் கச்சேரிக்கு 'செஷன்' என்று பெயர். மேடை கிடையாது. மைக் கிடையாது. மூலையில் ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வார்கள். ஒருவர் ஃபிடில், ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் அக்கார்டியன், ஒருவர் 'பௌரான்' என்ற ஆட்டுத்தோல் பறை. சில நேரம், முழங்கையால் காற்றடித்து வாசிக்கும் 'இலன் பைப்ஸ்' இருக்கும். 2017-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்த வாத்தியக் கலை அது. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு விவசாயியும் பேர்பெற்ற கலைஞரும் ஒரே மேஜையில் இருக்கலாம். யார் எவர் என்று பயணிக்குக் கண்டுபிடிக்க முடியாது.

இது ஏதோ ஆயிரமாண்டுப் பழக்கம் என்று நினைத்தால், அதுதான் இல்லை. மெட்டுகள் பழையவை. ஆனால், முன்பெல்லாம் அவை வீட்டு அடுப்படியிலும் முச்சந்தியிலும்தான் ஒலித்தன. பொது நடனங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1935-ல் ஒரு சட்டம் வந்தது. வீடுகளில் நடந்த ஆட்டபாட்டங்களும் அதனால் நசிந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிழைப்புக்காக லண்டன் போன ஐரிஷ் தொழிலாளர்கள், தங்கியிருந்த குட்டி அறைகளில் வாசிக்க முடியாமல் பப்களில் கூடினார்கள். அந்தப் பழக்கம்தான் பிறகு தாய்நாட்டுக்கும் பரவியது. ஊரைப் பிரிந்தவர்களின் ஏக்கத்தில் வளர்ந்த கச்சேரி இது!

கேட்பவர்களுக்கும் சில மரியாதைகள் உண்டு. மூலையில் காலியாக இருக்கும் ஸ்டூலில் உட்காரக் கூடாது, அது வாத்தியக்காரருக்கானது. ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தால் மொத்த பப்பும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால்கூடத் தலைகள் திரும்பும். பாடி முடித்தவருக்கு, அடுத்துப் பாடப்போவது யார் என்று அழைக்கும் உரிமை உண்டு. அந்த விரல் பயணியின் பக்கமும் திரும்பலாம். எந்த மொழியில் பாடினாலும் கைதட்டுவார்கள். எனவே, ஒரு பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

அந்த மூலையின் மதிப்பு என்ன என்பதை 2021-ல் டப்ளின் பார்த்தது. ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் இருக்கும் 'காபிள்ஸ்டோன்' பப்பைச் சுற்றி ஒரு ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தது. முன்னால் பப் இருக்கும், ஆனால் இசை வகுப்புகள் நடக்கும் பின்கட்டு போய்விடும். ஜனங்கள் கொதித்தார்கள். ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமந்து, வாத்தியங்கள் வாசித்தபடி நகரவீதிகளில் ஊர்வலம் போனார்கள். அந்த நவம்பரில் மாநகராட்சி அனுமதியை மறுத்தது. ஹோட்டல் எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் கற்றுத்தரும் பெரியவர்களும் சேர்ந்து உட்காரும் ஓர் இடத்தைக் கட்டித் தர முடியாது.

தென்துருவத்திலிருந்து வந்த முதலாளி

கிளேருக்குத் தெற்கே கெர்ரி மாவட்டம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டிங்கிள் தீபகற்பத்தில், மளிகையும் மதுவும் ஒரே கூரையின் கீழ் விற்ற காலத்தின் மிச்சங்களைப் பார்க்கலாம். கிராமத்துக்கு ஒரே கடை. அதில் டீத்தூள், சர்க்கரை, மண்வெட்டி, செருப்பு, பீர் எல்லாம் கிடைக்கும். டிங்கிள் ஊரில் 'ஃபாக்ஸி ஜான்ஸ்' பப்பில் ஒரு பக்கம் பார் கவுன்டர், மறுபக்கம் ஆணி, சுத்தியல், பெயின்ட் விற்கும் ஹார்டுவேர் கவுன்டர். 'டிக் மேக்ஸ்' பப்பில் ஒரு பக்கம் தோல்வேலைப் பட்டறை. தேவாலயத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. 'டிக் மேக்ஸ் எங்கே?' 'தேவாலயத்துக்கு எதிரே.' 'தேவாலயம் எங்கே?' 'டிக் மேக்ஸுக்கு எதிரே.' இது ஊர் ஜோக்!

டிங்கிள் போகும் வழியில் அனஸ்கால் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பப்பின் பெயர் 'சவுத் போல் இன்'. அயர்லாந்தின் மூலையில் தென்துருவத்துக்கு என்ன வேலை?

இந்தப் பகுதியின் விவசாயக் குடும்பத்தில் 1877-ல் பிறந்தவர் டாம் க்ரீன். பதின்ம வயதிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். ஸ்காட், ஷாக்கிள்டன் ஆகியோரின் மூன்று அண்டார்டிகா பயணங்களில் பங்கெடுத்தார். 1912-ல், நோயில் விழுந்த எவன்ஸ் என்ற அதிகாரியைக் காப்பாற்ற, பனிப்பரப்பில் தன்னந்தனியாக 56 கி.மீ நடந்தார். 18 மணி நேரம். கையில் இருந்தது மூன்று பிஸ்கட், இரண்டு சாக்லேட். உதவி கிடைத்தது, எவன்ஸ் பிழைத்தார். 1916-ல் கப்பலை இழந்து தவித்த ஷாக்கிள்டன் குழுவுக்காக, திறந்த படகில் சுமார் 1,300 கி.மீ கடல் கடந்த ஆறு பேரில் இவரும் ஒருவர்.

1920-ல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். 1927-ல் மனைவியோடு இந்த பப்பைத் திறந்தார். பெயரில்தான் தென்துருவம். சாகசத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. அவர் ஊர் திரும்பியது, அயர்லாந்து பிரிட்டனை எதிர்த்துப் போராடிய காலத்தில். பிரிட்டிஷ் கடற்படையில் இருந்ததைப் பெருமையாகப் பேசக்கூடிய சூழல் இல்லை. போலீஸ்காரரான அவர் அண்ணன் 1920-ல் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டிருந்தார். பதக்கங்களை எடுத்து வைத்துவிட்டு, நாய்களோடு நடைபோய், ஊர்க்கதை கேட்டபடி வாழ்ந்து 1938-ல் மறைந்தார். இன்று பப்புக்கு எதிரே, கையில் நாய்க்குட்டிகளோடு அவருடைய சிலை நிற்கிறது. பேச்சுக்குப் பேர்போன பப்களின் நாட்டில், பேசாமலிருக்கவும் ஒரு பப் இடம் கொடுத்திருக்கிறது.

நாணயத்தின் மறுபக்கம்

மது வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு என்பது அயர்லாந்துக்கும் நன்றாகத் தெரியும். கார்க் நகரின் பிரதான வீதியில் நிற்கும் சிலை ஃபாதர் மேத்யூவுடையது. 1838-ல் அவர் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் 'இனி தொடமாட்டோம்' என்று சத்தியம் செய்தார்கள். 1898-ல் தொடங்கிய 'பயனியர்' சங்கத்தின் உறுப்பினர்கள் சட்டையில் ஒரு சின்ன ஊசிச் சின்னம் அணிந்திருப்பார்கள். 'நான் குடிப்பதில்லை' என்பதன் அடையாளம் அது. சின்னத்தோடு பப்பில் உட்கார்ந்து டீ குடித்தவர்களும் உண்டு.

1927-லிருந்து 2017 வரை புனித வெள்ளி அன்று பப்கள் மூடியே கிடந்தன. 2004 மார்ச் 29 அன்று, பப் உட்படப் பணியிடங்களுக்குள் புகைபிடிப்பதை நாடு முழுக்கத் தடைசெய்த முதல் நாடு அயர்லாந்துதான். பப்பில் சிகரெட் இல்லாமலா என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று குழந்தையோடு உள்ளே போக முடிவதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம்.

வாசல்கள் மூடுகின்றன

இந்தப் பொது வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. 2005-லிருந்து 2021-க்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பப் காணாமல் போய்விட்டது. அடி அதிகம் விழுந்தது கிராமங்களுக்கு.

காரணங்கள் பல. சூப்பர் மார்க்கெட்டில் மது மலிவு. வீட்டில் பெரிய டி.வி. பிள்ளைகள் பெற்றோருக்குப் பிறகு கடையை எடுத்து நடத்த விரும்புவதில்லை. புதிதாக ஒரு லைசென்ஸ் வேண்டுமானால், ஏற்கெனவே இருக்கும் ஒன்றை விலைக்கு வாங்கி முடித்துவைக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால், ஓடாத கிராமத்து பப்பின் லைசென்ஸை நகரத்துக் கடை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒருமுறை போனால், அந்த ஊருக்கு அது திரும்ப வருவது கடினம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு எதிரான சட்டம் 2011-லும் 2018-லும் இறுகியது. அது உயிர்களைக் காப்பாற்றும் சட்டம். அதில் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. ஆனால், பஸ் இல்லாத மலைக்கிராமத்தில் தனியாக வாழும் எழுபது வயது விவசாயிக்கு, வாரத்தில் ஒருநாள் பப்புக்குப் போவதுதான் மனிதர்களைப் பார்க்கும் ஒரே வழி. அவர் தேடிப்போவது மதுவை அல்ல; 'எப்படி இருக்கீங்க, மாடு கன்னு போட்டுச்சா?' என்று கேட்கும் ஒரு குரலை. இதற்காக 2018-லிருந்து சில கிராமங்களில் மாலைநேர மினி பஸ்கள் ஓடத் தொடங்கின. எல்லா ஊருக்கும் அது போதவில்லை.

அயர்லாந்து போகிற பயணி, பட்டியலில் இருக்கும் பிரபல பப்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பெயர் கேள்விப்படாத ஊரில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கலாம். அடுப்பில் கரியோ கட்டையோ எரியும். மூலை மேஜைக்குப் போகாமல் கவுன்டரில் உட்கார்ந்து, போனைப் பைக்குள் வைத்துவிட்டு, 'இன்று மழை விடாது போலிருக்கிறதே' என்று தொடங்கினால் போதும். அயர்லாந்தில் மழையைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காத நாளே இல்லை. ஒரு டீயும் ஒரு சூப்பும் வாங்கினாலும், அது அந்த விளக்கு இன்னொரு நாள் எரியச் சேரும் எண்ணெய்தான்.

திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30-க்கு விற்பனை முடியும். அதற்குப் பிறகு, கையில் இருப்பதைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் தருவார்கள். விளக்குகள் ஒருமுறை அணைந்து எரியும். காலி கிளாஸைக் கவுன்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கிளம்பினால், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: 'சேஃப் ஹோம்!' பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று அர்த்தம். பக்கத்துத் தெருக்காரருக்கும் அதுதான், பல ஆயிரம் மைல் தாண்டி வந்தவருக்கும் அதுதான்.